பாடகி நிற்கும் இடம்

ஃபிட்டருக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது தப்பு. மூக்கு வரை ஏறிப் போய் உட்கார அதற்குப் பொறுமை கிடையாது, நேராக வாய்க்கு வந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், முப்பது கார்கள் நின்ற ஒரு காலி மைதானத்தில், மனைவியின் தம்பியைப் பார்த்து, "நீ தொட்டது எதுடா உருப்பட்டிருக்கு?" என்று அவர் கத்தியபோது, மற்றவர்கள் தங்கள் கார்களில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பாட்டுக்காகவே உயிரை விடுகிற கூட்டம் அது. அதுகளே பாட்டை நிறுத்தின என்றால் கத்தல் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அவருக்கு வேலை அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலையில். மடிக்கிற மெஷின், வெட்டுகிற மெஷின், ஓட்டை போடுகிற மெஷின் என்று காது கிழிகிற இடம். ஒரு மெஷினில் ஏதாவது கோளாறு என்றால் மற்ற ஃபிட்டர்கள் கருவிகளைத் தேடுவார்கள். இவர் நீளமான ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியை ஓடுகிற மெஷினின் மேல் வைத்து, பிடியை வலது காதோடு அழுத்திக்கொண்டு அரை நிமிடம் நிற்பார். "மூணாவது பேரிங். கிரீஸ் காஞ்சு போச்சு" என்பார். பிரித்துப் பார்த்தால் மூன்றாவது பேரிங்தான். பதினாலு வருஷத்தில் ஒரு முறைகூடத் தப்பியதில்லை. அங்கே அவருக்குப் பெயரே 'காது'. மெஷின் நின்றால் "காதைக் கூப்பிடு" என்றுதான் மேலாளரே சொல்வார். காதில் அடைத்துக்கொள்ளச் சொல்லித் தொழிற்சாலை கொடுத்த பஞ்சு அடைப்பான்கள் அவர் பை நிறைய இருந்தன. பையிலேயே இருந்தன.

அந்தக் காதுக்கு அவர் செய்துகொடுத்த உபசாரம்தான் அந்தக் கார். வெளியே பார்த்தால் ஒன்பது வருஷப் பழைய வண்டி, பின்பக்கம் ஒரு நெளிசல். உள்ளே மூன்று வருஷ உழைப்பு. கதவுகளைப் பிரித்து, தகரம் அதிராமல் இருக்க உள்ளே தடித்த ஷீட் ஒட்டி, ஸ்பீக்கருக்கு மரத்தில் வளையம் கடைந்து, சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிபையர் வைத்து, ஒவ்வொரு வயரையும் கையால் சுற்றி எல்லாம் அவரே செய்தது. மருந்துக்கடையில் வேலை செய்யும் அவர் மனைவி, "வீட்டுக் கதவு மழைக்கு உப்பி ஒரு வருஷமா மூட மாட்டேங்குது, கார் கதவு மட்டும் பஞ்சு மாதிரி மூடுது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். சொல்லட்டும். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான் என்று இவர் விட்டுவிடுவார்.

காரில் அப்படி என்ன கேட்டுவிட முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. காரில் ஓட்டுபவர் நடுவில் உட்காருவதில்லை. வலது ஸ்பீக்கர் முழங்காலுக்குப் பக்கத்தில் இருக்கும், இடது ஸ்பீக்கர் அந்தக் கோடியில் இருக்கும். வலதின் சத்தம் முந்திக்கொண்டு வந்து காதில் விழும், பாட்டு முழுவதும் கதவில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் வலதைக் கொஞ்சம் தாமதிக்க வைக்க வேண்டும். ஒரு விநாடியை ஆயிரமாக வெட்டி, அதில் இரண்டு மூன்று துண்டு அளவுக்கு. அதன் சத்தத்தையும் குறைக்க வேண்டும். ப்ராசஸர் என்று ஒரு சின்னப் பெட்டி இதைச் செய்யும், கைபேசியிலிருந்து அதற்குக் கட்டளை கொடுக்கலாம். இரண்டு பக்கத்துச் சத்தமும் சரியாக ஒன்றாக வந்து சேர்ந்த கணத்தில் ஸ்பீக்கர்கள் காணாமல் போய்விடும். நிஜமாகவே காணாமல் போகும். பாடுகிறவள் கதவை விட்டு எழுந்து வந்து டேஷ்போர்டின் நடுவில் நிற்பாள். அங்கே யாரும் இல்லை, ஆனால் அவள் உதடு எந்த உயரத்தில் இருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டலாம். தாளம் அவளுக்குப் பின்னால், கண்ணாடிக்கு அப்பால், பானெட்டின் மேல் நடக்கும். அடுத்த வரிக்கு முன்னால் அவள் இழுக்கிற மூச்சு கேட்கும்.

அது முதன்முதலாக வந்த அன்று ஃபிட்டர் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தார். அப்புறம் தினமும் மதிய இடைவேளை அரை மணி நேரத்தில் பத்து நிமிடம் சாப்பாடு, இருபது நிமிடம் கார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்காருவார். அந்த இருபது நிமிடம் மட்டும் உலகத்தில் யார் மேலும் அவருக்குக் கோபம் கிடையாது.

கார் ஸ்பீக்கர் பித்துப் பிடித்த மற்ற ஆர்வலர்கள் இந்த அளவுகளைச் சரிபார்க்க ஒரு மைக்கை சீட்டில் நிறுத்தி, கணினியில் கோடு போட்டுப் பார்ப்பார்கள். இவருக்கு அது கேவலம். "காது இருக்கும்போது மைக் எதுக்கு? சாப்பாட்டை நாக்குல பாப்பியா, தராசுல பாப்பியா?" என்பார். சில வாரங்களுக்கு ஒரு முறை பாடகி கொஞ்சம் இடது பக்கம் நகர்ந்துவிட்டதாகத் தோன்றும். கைபேசியை எடுத்து, எண்ணைப் பார்க்காமல் காதை மட்டும் நம்பி, வலது பக்கத்தை ஒரு தட்டில் அரை அளவு ஏற்றுவார். அவள் நடுவுக்கு வந்துவிடுவாள். வெயிலில் ஸ்பீக்கர் தளர்கிறது என்று ஒரு காரணமும் வைத்திருந்தார்.

ஆர்வலர்கள் வருஷத்துக்கு ஒரு முறை அந்த மைதானத்தில் போட்டி வைப்பார்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஃபிட்டருக்கு முதலிடம். போன வருஷம் ஐந்தாவது. நடுவருக்கு ஜலதோஷம் என்று அதற்கும் ஒரு காரணம் சொன்னார். இந்த வருஷம் வந்த நடுவர் பியானோவுக்குச் சுருதி கூட்டுகிறவர், ஒல்லியான மனிதர், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டார். ஃபிட்டரின் காரில் ஏறிக் கதவை மூடிக்கொண்டு மூன்று நிமிடம் கேட்டார். இறங்கினார்.

"சுத்தமான சத்தம். வேலை அருமையா இருக்கு. ஆனா பாடுறவங்க நடுவுல இல்லைங்க."

"என்னது?"

"உங்க வலப்பக்கக் கண்ணாடிகிட்ட நிக்கிறாங்க. கதவைத் திறந்தா இறங்கிப் போயிடுவாங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஃபிட்டரின் முகம் கறுத்தது. அவர் கண் நடுவரை விட்டுவிட்டு, நிழலுக்காகக் கட்டிய துணியின் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற மைத்துனன் மேல் போய் விழுந்தது.

மைத்துனன் டைல்ஸ் ஒட்டுகிறவன். அவன் வேன் பழுதாகி நின்றபோது, பத்து நாளுக்கு முன்னால், இரண்டு நாள் இந்தக் காரை இரவல் வாங்கிப் போயிருந்தான். திரும்பி வந்தபோது சீட்டெல்லாம் வெள்ளைத் தூசி. போட்டியன்று அக்கா சொன்னாளே என்று உதவிக்கு வந்திருந்தான், பாவம்.

"ப்ராசஸர்ல கை வச்சியா?"

"அது எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது மாமா."

"தெரியாமத்தான் வச்சிருப்ப."

"ரேடியோகூடப் போடலை. எனக்குத்தான் பாட்டே பிடிக்காதே."

பாட்டு பிடிக்காது என்று அந்த மைதானத்தில் நின்று சொன்னது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஆனது. "நீ தொட்டது எதுடா உருப்பட்டிருக்கு? வேன் உருப்பட்டுச்சா, தொழில் உருப்பட்டுச்சா? பேசி முடிச்ச பொண்ணுகூட உன்னை வேண்டாம்னுட்டுப் போயிட்டா!"

அந்தக் கல்யாணம் நின்று மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மைத்துனன் கம்பை மெதுவாகத் தரையில் படுக்க வைத்தான். துணி சரிந்து ஃபிட்டரின் காரின் மேலேயே விழுந்தது. அவன் மைதானத்தைக் கடந்து, சாலையில் இறங்கி, பேருந்து நிறுத்தம் இருக்கும் பக்கம் நடந்துபோனான். கூட வந்திருந்த அக்கா கூப்பிட்டதற்குத் திரும்பவில்லை.

வீட்டில் அந்த வாரம் யாரும் யாரோடும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு மேசையில் வந்து விழுந்த சத்தத்தை அளக்க மைக் தேவைப்படவில்லை. புதன்கிழமைதான் மனைவி வாயைத் திறந்தாள்.

"நிரூபிங்க. என் தம்பி கை வச்சான்னு நிரூபிங்க. நிரூபிச்சிட்டா இனிமே அவனை இந்த வாசப்படி ஏறவிடமாட்டேன். இல்லேன்னா அவன் முன்னாடி நின்னு நீங்க மன்னிப்பு கேக்கணும்."

"நிரூபிக்கிறேன். அந்தப் பெட்டி எல்லாத்தையும் எழுதி வைக்கும். யாரு எந்தத் தேதியில மாத்துனாலும் அதுல இருக்கும். அவனை வரச்சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வாசலில் காருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ஃபிட்டர் கைபேசியில் பட்டியலைத் திறந்து மனைவியிடம் நீட்டினார். "நீயே படி. அப்புறம் நான் ஏதோ பண்ணிட்டேன்னு சொல்லக் கூடாது." ஜெயித்துவிட்ட குரல் அது. கேட்கவே எரிச்சலாக இருந்திருக்கும்.

மனைவிக்கு மருத்துவர்களின் கிறுக்கல் எழுத்தையே படித்துப் பழக்கம். இது அச்சு மாதிரி இருந்தது. முதலில் தம்பி கார் இரவல் வாங்கிய இரண்டு தேதிகளைத் தேடினாள்.

"அந்த ரெண்டு நாள்ல ஒண்ணும் இல்லை."

"அதுக்கு அடுத்த நாள் பாரு."

"அதுக்கு அப்புறமும் இல்லை. கடைசியா மாத்துனது அவன் கார் கேக்கறதுக்கு நாலு நாள் முன்னாடி. வலது ஸ்பீக்கர், பிளஸ் ரெண்டு."

"பிளஸ்ஸா? பிளஸ் இருக்காது. வலது எப்பவும் மைனஸ்லதான் இருக்கணும். பக்கத்துல இருக்கிற ஸ்பீக்கர்டி அது."

அவள் பட்டியலின் அடிக்குப் போனாள். தேதியோடு ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு மேலே வந்தாள். மைனஸ் நாலு. மைனஸ் மூணரை. மைனஸ் மூணு. ஆறு வாரம், ஏழு வாரம், மறுபடி ஆறு வாரம். மைனஸ் ஒண்ணு. சைபர். பிளஸ் அரை. ஒன்றரை வருஷம். ஒரு தடவைகூட இறங்கவில்லை, ஏறிக்கொண்டே வந்தது. எல்லாத் தேதியும் ஞாயிற்றுக்கிழமை. எல்லாம் அவர் கையால் சேமித்தது.

"பெட்டி கெட்டுப்போச்சு" என்றார் ஃபிட்டர். "வாங்கும்போதே சந்தேகப்பட்டேன். இல்லைன்னா ஸ்பீக்கர். வலது ஸ்பீக்கர் செத்துகிட்டு வருது, அதான் ஏத்த ஏத்த..." ஸ்பீக்கர் செத்திருந்தால் நடுவருக்கும் பாடகி நடுவில்தானே நின்றிருக்க வேண்டும் என்பது பேசிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு உறைத்தது. பாதியில் நிறுத்தினார்.

மனைவி அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். "கேக்குதா?" என்றாள்.

"என்ன கேக்குதா?"

அவர் திரும்பிப் பார்த்தார். அவருடைய வலது காதிலிருந்து அரை சாண் தூரத்தில் அவள் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தாள். இடது காதுக்குக் கொண்டுபோனாள். சர் சர்ரென்று காகிதம் கசங்குவதுபோல் கேட்டது.

பிறகு அவள் பேசினாள். குரலில் இரக்கம் இல்லை, கோபம்தான் இருந்தது, அதுவும் பழைய கோபம்.

"ஒரு வருஷமா நான் சோபாவுல உங்க வலப்பக்கம்தான் உக்காந்து பேசுறேன். அஞ்சு தடவை கேட்டா ஒரு தடவை பதில் வரும். என்கூடப் பேசப் பிடிக்கலை போலன்னு விட்டுட்டேன். கார்ல போனா மட்டும் எல்லாத்துக்கும் பதில் சொல்றீங்க. கார்ல ஏறினாத்தான் இந்த ஆளு மனுஷன்னு நெனச்சேன். எத்தனை நாள் அழுதிருப்பேன் தெரியுமா? கார்ல நான் உங்களுக்கு இடப்பக்கம் உக்காந்திருக்கேன். அவ்வளவுதானா?"

வாய்க்கு எப்போதும் முதலில் வருகிற கோபம்கூட அன்றைக்கு வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காது பார்க்கும் இடத்துக்குப் போனார்கள். சுவரெல்லாம் பஞ்சு வைத்த ஓர் அறை. சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். பரிசோதித்த பெண் ஒரு தாளில் இரண்டு கோடு போட்டுக் கொண்டுவந்தாள். இடது கோடு பரவாயில்லை. வலது கோடு பாதி வழியில் கிணற்றில் விழுந்துவிட்டது.

"வேலையில எந்தக் காதை மெஷின்கிட்ட வைப்பீங்க?" என்று கேட்டாள். அவர் சொல்லவில்லை, மனைவி சொன்னாள்.

"திரும்பி வருமா?"

"போனது வராது. இருக்கிறதைக் காப்பாத்தலாம். அந்தக் காதுக்கு மட்டும் கூடுதலா சத்தம் வச்சுக் கேக்காதீங்க. அப்படிக் கேட்டீங்கன்னா மிச்சமும் போயிடும்."

பாடகி நடுவில் நிற்க வேண்டுமானால் வலது பக்கத்தை ஏற்ற வேண்டும். ஏற்றினால் காது போகும். காது போகப்போக இன்னும் ஏற்ற வேண்டும். ஒன்றரை வருஷமாக அவர் அவளைக் கையைப் பிடித்து நடுவுக்கு இழுத்து வந்ததெல்லாம் இந்தக் கணக்கில்தான். கட்டுக் கட்டாக அட்டைப்பெட்டி விற்கிற முதலாளி மேல் கோபம் வந்தது. காது காது என்று தூக்கிவைத்துப் பேசிய மேலாளர் மேல் வந்தது. உண்மையைச் சொன்ன அந்த ஒல்லி மனிதர் மேல் எல்லோரையும்விட அதிகமாக வந்தது. வீடு திரும்பும்போது பாதி வழியில் காரை நிறுத்தச் சொல்லி மனைவி இறங்கிக்கொண்டாள், அவ்வளவு திட்டினார்.

சனிக்கிழமை காலை அவர் காரின் நான்கு கதவையும் விரியத் திறந்து வைத்து வலது கதவின் பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றியதைத் தெருவில் விட்டெறிந்தார். மைத்துனன் வந்து நின்றதை அவர் கவனிக்கவில்லை. அவன் வலப்பக்கமாக வந்திருந்தான். தோளைத் தொட்டான்.

"என்ன பண்றீங்க?"

"பாத்தா தெரியலை? கழட்டுறேன். செவிட்டுப் பயலுக்கு எதுக்குடா இத்தனை ஸ்பீக்கர்?"

"ஒரு காதுதானே போச்சு? ஊரையே கொளுத்துற மாதிரி குதிக்கிறீங்க. அக்கா அழுதுகிட்டு ஃபோன் பண்றா. எனக்கு வரவேண்டிய மன்னிப்பு இன்னும் வரலை, அதை வாங்கிட்டுப் போகத்தான் வந்தேன்."

"உனக்கு அதுதான் இப்ப முக்கியமா?"

"ஆமா! எனக்கு அதுதான் முக்கியம்!" முதல்முறையாக அவன் கத்தினான். "கார்ல கை வச்சேன்னு சொன்னதைத் துடைச்சுப் போட்டுட்டேன். அந்தப் பொண்ணைப் பத்தி சொன்னீங்க பாருங்க. நான் எப்படிக் கிடந்தேன்னு தெரிஞ்ச ஆளு நீங்க. தெரிஞ்சே சொன்னீங்க. அறுபது பேரு முன்னாடி."

ஃபிட்டர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சேதான் சொன்னேன். வலிக்கணும்னுதான் சொன்னேன். தப்புடா மாப்ளே. பெரிய தப்பு."

"இங்க சொன்னா போதாது. அதே மைதானத்துல, அதே ஆளுங்க முன்னாடி சொல்லணும்."

"சொல்றேன்."

"சத்தமா."

"சத்தமாத்தாண்டா சொல்றேன்!"

இரண்டு பேரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். சண்டை முடிந்த பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்புறம் ஃபிட்டர் பலகையைப் பொறுக்கிக்கொண்டு வந்து கதவில் திரும்ப மாட்டினார். கடைசி ஸ்க்ரூவை முறுக்கிவிட்டு, "ஏறு. ஓட்டுற சீட்டுல உக்காரு" என்றார்.

"நான் எதுக்கு?"

"உனக்குத்தான் ரெண்டு காதும் இருக்கே, அதுக்கு."

அவர் இடது பக்கம் ஏறிக்கொண்டார். கதவுகளை மூடினார்கள். பாட்டைப் போட்டார். "பாடுறவ எங்க நிக்கிறா? விரலை நீட்டு."

"யாரு நிக்கிறா?"

"டேய், சத்தம் எங்கேருந்து வருதுன்னு காட்டுடா!"

மைத்துனன் சந்தேகத்தோடு வலப்பக்கக் கண்ணாடியைக் காட்டினான். ஒல்லி மனிதர் சொன்ன அதே இடம். ஃபிட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு வலது பக்கத்தை அரை அளவு இறக்கினார். விரல் ஒரு சாண் உள்ளே வந்தது. இன்னும் அரை. விரல் ஸ்டியரிங்குக்கு நேராக வந்தது. ஒரு வருஷத்துக்கும் மேலாக மாதக்கணக்கில் ஏற்றியதை நிமிடக்கணக்கில் இறக்கினார். ஒவ்வொரு அரைக்கும் தோலை உரிப்பதுபோல் இருந்தது. நாளைக்கு அந்த சீட்டில் தான் உட்கார்ந்தால் அவள் இடது கோடியில் போய் நிற்பாள், இனி எப்போதும் அங்கேதான் நிற்பாள் என்று அவருக்குத் தெரியும்.

மைனஸ் நாலுக்கு வந்தபோது விரல் டேஷ்போர்டின் நடுவைக் காட்டிக்கொண்டு அப்படியே அந்தரத்தில் நின்றது. மைத்துனன் அதைக் கீழே போட மறந்துவிட்டான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. வரி முடிந்து அடுத்த வரி தொடங்கும் இடம் வந்தது. எதிரில் யாரோ மூச்சு இழுத்ததைப் பார்த்தவன்போல் அவன் தலை லேசாகப் பின்னுக்குப் போனது.

"வந்துட்டாளா?" என்றார் ஃபிட்டர்.

மைத்துனனின் கண் டேஷ்போர்டை விட்டு நகரவில்லை.

"டேய், நடுவுல நிக்கிறாளா, அதைச் சொல்லு. சரியா இருக்கா?"

அவன் முகத்தைத் திருப்பாமலே என்னவோ சொன்னான். அது அவருடைய வலது காதுப் பக்கம் போய்த் தொலைந்துபோனது.

"என்ன?"

மைத்துனன் பாட்டை நிறுத்தினான். முழுவதும் அவர் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "பேசாதீங்கன்னு சொன்னேன். ஒண்ணும் கேக்க விடமாட்டேங்கறீங்க. முதல்லேருந்து போடுங்க."

ஃபிட்டருக்கு வந்த கோபம் மைதானத்தில் வந்ததைவிடப் பெரியது. என் காரில், என் சீட்டில், நான் மூன்று வருஷம் கட்டிய இடத்தில் உட்கார்ந்துகொண்டு, பாட்டே பிடிக்காத ஒரு டைல்ஸ்காரன் என்னையே வாயை மூடச் சொல்கிறான். அந்த மூச்சு இவனுக்குக் கேட்கிறது, எனக்குக் கேட்காது. பொறாமையில் கண் எரிந்தது. இறங்குடா கீழே என்ற வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது.

அவர் அந்த அளவை அன்றைய தேதியில் சேமித்தார். பிறகு பாட்டை முதலிலிருந்து போட்டுவிட்டு, அது முடியும் வரைக்கும் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.